தெரிவதற்கு உடுத்தியதும் மறைவதற்கு உடுத்துவதும்

மண்டபத்துக் கடற்கரையில் சற்று நேரம் நின்றால், படைவீரர்களின் சீருடை ஏன் காலந்தோறும் மாறியது என்பதை விளங்கிக்கொள்ள உதவும் ஒரு வேறுபாடு கண்ணில் படும். கடலோரக் காவல்படையின் கலங்கள் வெள்ளை நிறத்தில், பக்கவாட்டில் சாய்வான வண்ணப் பட்டையுடன், வெகு தொலைவிலிருந்தே இன்னதென்று தெரியும்படி நிற்கும். கடற்படையின் கப்பல் ஏதேனும் கடந்து சென்றால், கடலும் வானும் சேரும் கோட்டில் அதன் சாம்பல் நிறம் கரைந்து, உற்றுப் பார்த்த பிறகே கப்பல் என்று புலப்படும். முன்னது தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய கலம். கடத்தல்காரர் அதைக் கண்டு அஞ்ச வேண்டும், இயந்திரம் பழுதாகித் தத்தளிக்கும் மீனவர் அதைக் கண்டு கையசைக்க வேண்டும். பின்னது பகைவரின் கண்ணுக்குத் தப்ப வேண்டிய கலம்.

படைவீரன் உடுத்தும் துணியும் இந்த இரண்டு தேவைகளுக்கு இடையில்தான் மாறி மாறி வந்திருக்கிறது. அவன் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்பது ஒரு கேள்வி. அதை முடிவு செய்பவர் யார் என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் காலந்தோறும் கிடைத்த விடைகளில் பலவற்றுக்கு இந்த இராமநாதபுரக் கரையிலேயே தடயம் உண்டு.

தமிழில் முதல் கேள்விக்குக் கிடைத்த மிகப் பழைய விடை துணியில் இல்லை, பூவில் இருக்கிறது. சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அந்தப் பூக்களை ஏன் சூடினார்கள் என்பதற்குத் தொல்காப்பியம் புறத்திணையியலில் கூறும் காரணத்தை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். 'உறுபகை வேந்திடை தெரிதல் வேண்டி' என்கிறது நூற்பா. பகைகொண்ட வேந்தர்களிடையே இது இன்னார் படை என்று பிரித்தறிவதற்காகவே பெரும்படையினர் அவற்றைச் சூடினார்கள் என்பது பொருள். சீருடையின் முதற்பயனை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு தொடரை நான் கண்டதில்லை. ஒரே மொழி பேசி, ஒரே வெயிலில் கறுத்து, அரையில் கச்சையும் காலில் கழலுமாக நின்ற இரண்டு கூட்டங்கள் கைகலக்கும்போது, வாளை ஓங்கியவனுக்குத் தன்னவன் யார் என்று காட்டியது தலையில் இருந்த பூதான். வேம்பு எவர் படை என்பதைச் சொன்னது. வெட்சியும் வஞ்சியும் உழிஞையும் தும்பையும் அந்தப் படை எந்த வேலையாக வந்திருக்கிறது என்பதைச் சொல்லின. பூ ஒரு பகலில் வாடிவிடும் என்பது குறையாகத் தோன்றலாம். அன்றைய போரும் பெரும்பாலும் பகற்பொழுதுக்குள் முடிகிற போர்தான்.

தைத்த சட்டை அணிந்த படைவீரர்கள் தமிழில் தோன்றுவது அயலாராகத்தான். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்களை, 'மெய்ப்பை' புகுந்தவர்கள் என்றும் வெருவத்தக்க தோற்றம் உடையவர்கள் என்றும் புலவர் வருணிக்கிறார். மெய் புகும் பை என்று சட்டைக்கு ஒரு சொல்லை ஆக்கவேண்டி இருந்ததிலிருந்தே, அந்த உடை பார்ப்பவர்களுக்கு எவ்வளவு புதிதாக இருந்தது என்பது தெரிகிறது. வைகை கடலைச் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும், கப்பலின் கோட்டுருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. மெய்ப்பை புகுந்த மனிதர்கள் இந்தக் கரையில் இறங்கி நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்கு அந்த ஓடுகளே போதும்.

இடையில் பல நூற்றாண்டுகளைத் தாண்டிச் சேதுபதிகளின் காலத்துக்கு வருகிறேன். மறவர் சீமையின் படை, மாதச் சம்பளத்துக்குப் பாசறையில் தங்கியிருந்த படை அன்று. போர்க்கடமைக்கு ஈடாக நிலத்தை அனுபவித்த குடிகள், அழைப்பு வந்ததும் தங்கள் ஊர்த் தலைவனின் பின்னால் வாளும் ஈட்டியும் வளரியுமாகத் திரண்டு வருவார்கள். ஆயுதத்தைப் போலவே உடையும் அவரவருடையதுதான். அரண்மனை துணி கொடுக்கவில்லை. ஆகவே எந்தத் துணி என்று ஆணையிடவும் இல்லை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களில், தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் இருக்கிறது, சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் இருக்கிறது. நம்மவர்களின் மெல்லிய பருத்தி உடைக்கு எதிரே, தொப்பியும் கனத்த கோட்டுமாக நிற்கும் அந்த ஐரோப்பியரை நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன். வரப்போகும் நூறாண்டுகளின் உடை அந்தச் சுவரில் விருந்தாளியாக நிற்கிறது.

அது விருந்தாளியாக நீடிக்கவில்லை. பிரெஞ்சுத் தளபதி லாலி மதராசை முற்றுகையிட வந்த 1758இல், கிழக்கிந்தியக் கம்பெனி தன்னிடமிருந்த உள்ளூர்ச் சிப்பாய்களை ஒழுங்கான பட்டாளங்களாகத் திரட்டியது. இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. அந்த முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையைக் கோட்டைக்கு வெளியே இருந்து அலைக்கழித்தவர், இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவராகச் சொல்லப்படும் யூசுப் கான்; மக்கள் வாய்மொழியில் மருதநாயகம். கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்து, பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து நின்று, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர்.

இந்தப் பட்டாளங்களுக்குக் கம்பெனி கொடுத்த உடை பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக இருந்தது. இடுப்புக்கு மேலே இங்கிலாந்தின் சிவப்புக் கம்பளிச் சட்டை, கீழே தொடையளவு அரைக்கால் உடை, முழங்காலுக்குக் கீழே வெறுங்கால், பாதத்தில் செருப்பு, தலையில் தலைப்பாகை. சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடப்பது என்னவென்று இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆயினும் இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குச் சந்தை தேட வேண்டிய கடப்பாடு கம்பெனிக்கு இருந்தது. சிப்பாயின் முதுகும் அந்தச் சந்தையில் ஒரு பகுதி ஆயிற்று. அதற்கான செலவும் அவன் ஊதியக் கணக்கிலிருந்தே பிடிக்கப்பட்டது.

சிவப்பு ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1645இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் அமைத்த புதிய படை சிவப்புச் சட்டையை ஏற்றபோது, அந்தச் சாயம் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நிறத்தில் துணி வேண்டுமென்றால் மலிவான சாயமே வழி. மற்றொரு காரணம் கருமருந்தின் புகை. அன்றைய துப்பாக்கி நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறும். ஆகவே இருதரப்பும் நெருங்கி, வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் சுட வேண்டியிருந்தது. இரண்டு மூன்று முறை சுட்டதும் களம் முழுவதும் வெண்புகை மூடிக்கொள்ளும். குதிரைமேல் இருக்கும் தளபதி, தன் படை எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது என்பதை அந்தப் புகைக்குள் நிறத்தைக் கொண்டுதான் அறிந்தார். பாண்டியன் படையின் வேப்பம்பூ செய்த வேலையைச் செஞ்சட்டை பேரளவில் செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தச் சிவப்புக்கு நம் மணலோடு ஓர் உறவும் உண்டு. ஆங்கிலச் சட்டைகளுக்கு நிறம் தந்தது ஐரோப்பாவில் பயிரிடப்பட்ட, நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். இராமேசுவரம் தீவிலும் அதை ஒட்டிய மணற்பாங்கான கரையிலும், எதிரே மன்னாரிலும் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேரும் அதே செந்நிறத்தைத் தான் பருத்திக்குத் தந்தது. இம்பூறல் என்று நம் நாட்டு வைத்தியர்கள் இன்றும் தேடும் சிறு செடி அது. இரண்டு வேர்களிலும் நிறத்தைத் தருவது அலிசரின் என்னும் ஒரே பொருள். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதை நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அதன் பிறகு அங்கே வேரைப் பயிரிட்டவர்களும், இங்கே குத்துக்கோலால் மணலைக் கிளறி வேர் எடுத்தவர்களும் ஒருசேரப் பிழைப்பை இழந்தார்கள்.

1801இல் மருது சகோதரர்களின் எழுச்சி அடக்கப்பட்டதும், அந்த ஆண்டு டிசம்பரில் மதராஸ் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தெற்குச் சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் போர்க்கடமையால் நிலம் பெற்று வாழ்ந்தவர்களுக்கு, இனி ஆயுதத்தைத் தொட வேண்டுமென்றால் கம்பெனியின் சட்டைக்குள் புகுவது ஒன்றே வழி என்றாயிற்று. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 1806 ஜூலை 10 அன்று வேலூரில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் சிப்பாய்களுக்குப் புதிய வடிவத் தலைப்பாகை ஒன்றை விதித்தார். பழைய தலைப்பாகை சுற்றிக் கட்டியது. புதியது தொப்பி போல வடிவமைத்து, தோலால் ஆன ஒரு குஞ்சத்தைப் பொருத்தியது. அடுத்து வந்த ஒழுங்குவிதி, சீருடையில் இருக்கும்போது நெற்றியிலோ முகத்திலோ சாதி சமயக் குறி இடக்கூடாது, காதணி கூடாது, முகவாயை மழிக்க வேண்டும், மேலுதட்டு மயிரின் அளவும் வடிவும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது. 1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த ஒரு பட்டாளம் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தது. 21 பேர் விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்குத் தலா 900 கசையடி. மற்ற 19 பேருக்குத் தலா 500 விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டதால் விலக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, ஒரு பின்னிரவில் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் எழுந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்று பகலுக்குள் கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அந்த உடைவிதி திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வேலூர் எழுச்சியை ஒரு தொப்பிக்காக நடந்த கலகம் என்று சுருக்குவது தவறு. ஊதியக் குறை இருந்தது, பாளையங்களின் அழிவு இருந்தது, திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தார்கள். ஆனால் உடை வெறும் சாக்குதான் என்று தள்ளிவிடுவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகச் செங்கம்பளிச் சட்டையைச் சிப்பாய்கள் உடுத்தி வந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதை மறுக்காதவர்கள் தலைப்பாகையை ஏன் மறுத்தார்கள்? சட்டை வந்து அமர்ந்த இடம் வெறும் மார்பு. அங்கே அதற்கு முன் எழுதப்பட்டது எதுவும் இல்லை. தலையும் நெற்றியும் காதும் மீசையும் அப்படியில்லை. முண்டாசைச் சுற்றும் விதம் ஊரைச் சொல்லும், நெற்றிக் குறி குலதெய்வத்தைச் சொல்லும், கடுக்கன் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்திய நாளைச் சொல்லும். கம்பெனி அவன் உடம்பின்மேல் ஒரு சட்டையைப் போர்த்தியவரை அது கூலிக்கு வந்த உடை. அவன் முகத்தில் இருந்தவற்றை அழிக்க முனைந்தபோது, கூலியைக் கடந்த ஒன்றை அது கேட்டது. அந்தத் தோல் குஞ்சம் எந்த விலங்கின் தோல் என்ற ஐயமும், தொப்பி போட்டவர்களை ஊரில் யார் என்று எண்ணுவார்கள் என்ற அச்சமும் அதன்மேல் வந்து சேர்ந்தவை.

சிவப்பை வீழ்த்தியது சிப்பாய்களின் எதிர்ப்பு அன்று, துப்பாக்கிதான். உட்புறம் புரி வெட்டிய குழலும் கூம்பு வடிவக் குண்டும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியதும், குறி பல நூறு கெஜங்களுக்கு நீண்டது. 1884இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. புகை போயிற்று; புகைக்குள் தெரிய வேண்டிய தேவையும் அதோடு போயிற்று. சுடுகிறவன் எங்கே இருக்கிறான் என்பதையே காட்டிக்கொடுக்காத துப்பாக்கிக்கு எதிரே, சிவப்புச் சட்டை குறிபார்க்க வைத்த பலகை ஆகிவிட்டது.

அந்த இடத்துக்கு வந்தது காக்கி. பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய வழிகாட்டிப் படைதான் புழுதி நிறத் துணியை முதலில் உடுத்தியதாகப் படை வரலாறுகள் கூறும். 1857இல் பல பட்டாளங்கள் தங்கள் வெள்ளைத் துணியைத் தேநீரிலும் சேற்றிலும் மையிலும் நனைத்துத் தாங்களே புழுதி நிறமாக்கிக்கொண்டன. ஒருவர் சட்டைபோல இன்னொருவர் சட்டை இருக்காது, இரண்டு சலவையில் வெளுத்தும்விடும். குரோமியமும் இரும்பும் சேர்ந்த, வெளுக்காத காக்கிச் சாயம் 1880களில் வந்த பிறகுதான் அது படைகளின் நிறமாக நிலைத்தது. தென்னாப்பிரிக்கப் போயர் போர் முடிந்த 1902க்குள் ஆங்கிலேயப் படை தன் நாட்டிலும் போர்ப்பணிக்குக் காக்கியை ஏற்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் தங்கள் சிவப்புக் காற்சட்டையை நாட்டின் மானமாகக் கருதி 1914 வரை விடவில்லை; முதல் சில மாதங்களின் பேரிழப்புக்குப் பின் வெளிர்நீலத்துக்கு மாறினார்கள். அதே 1914 செப்டம்பரில் மார்செய்யில் இறங்கிய இந்தியச் சிப்பாய்களுக்கு நிறம் சரியாக இருந்தது, துணிதான் சரியாக இல்லை. வெப்ப நாட்டுக்கான பருத்திக் காக்கியோடு அவர்கள் ஐரோப்பியப் பனிக்காலத்தின் பதுங்குகுழிகளுக்குள் இறங்கினார்கள். நமக்குக் கம்பளியைப் போர்த்தியவர்கள் அங்கே பருத்தியோடு அனுப்பினார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவின் காடுகளில் காக்கியும் பொருந்தாமல் போயிற்று. ஈரப் பச்சைக்கு நடுவே புழுதி நிறம் தனியே தெரிந்தது. எனவே அங்கே போரிட்ட படைகள் பச்சைக்கு மாறின. எதிரே நின்ற இந்திய தேசிய இராணுவம் காக்கியிலேயே இருந்தது. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற துணியின்மேல் பாயும் புலிச் சின்னத்தைத் தைத்துக்கொண்டார்கள். மலேயாவிலும் பர்மாவிலும் பிழைக்கச் சென்ற தமிழர்கள் அதில் ஏராளமாகச் சேர்ந்தார்கள். இந்தச் சீமையிலிருந்து கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படையில், அதுவரை சேலை மட்டுமே உடுத்தியிருந்த தோட்டத் தொழிலாளப் பெண்கள் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து நின்றார்கள். துணி அதே காக்கிதான். அதை உடுத்துவது என்று முடிவு செய்தவர்கள் அவர்களே என்பதால், வேலூரில் நடந்ததற்கு நேர்மாறான ஒன்றை நான் அதில் காண்கிறேன்.

விடுதலைக்குப் பின் இந்தியத் தரைப்படை ஆலிவ் பச்சையைத் தன் நிறமாக்கிக்கொண்டது. பாகிஸ்தான் படை காக்கியிலேயே தொடர்ந்தது. ஒரே படையாக இருந்து பிரிந்தவர்கள் தங்களைப் பிரித்தறியவும் இது உதவிற்று. 'வேந்திடை தெரிதல்' மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது. 1950 ஜனவரி 26 முதல் தோள்பட்டையில் இருந்த ஆங்கிலேய மகுடம் நீங்கி, அசோகச் சிங்கம் அமர்ந்தது. காக்கி காவல்துறையோடு தங்கிவிட்டது. இன்று இராமநாதபுரத்தில் காக்கிச் சட்டை வருகிறது என்றால் போலீஸ் என்றே பொருள். பட்டாளத்துக்காரர் என்று எவரும் நினைப்பதில்லை.

அந்தப் பச்சையின் ஒரு துண்டு எங்கள் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. அவர் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தகரப் பெட்டியில், ரசகற்பூர உருண்டைகளுக்கு நடுவே, நான்காக மடித்த அவருடைய சட்டை கிடக்கிறது. மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், துணி முழுவதும் வெளுத்துச் சாம்பல் படிந்த பச்சையாகி இருக்க, கையின் மேற்பகுதியில் மூன்று கோணப் பட்டைகள் இருந்த இடம் மட்டும் புதுத்துணியின் கரும்பச்சையில் அப்படியே நிற்கிறது. பட்டையைப் பிரித்து எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. வெயில் படாமல் அது காத்த நிறம் இன்னும் போகவில்லை. சட்டையின் காலர் இப்போதும் விறைப்பாக இருக்கிறது. பெரியம்மா அந்தக் காலத்தில் வடிகஞ்சியில் முக்கி, கையால் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்த விறைப்பு. விடுப்பு முடிந்து புறப்படும் நாளில் மடிப்பு கத்திபோல இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டமாக இருந்தது.

ஒற்றை நிறத்துக்குப் பின் வந்தது, பல நிறத் திட்டுகளால் ஆன கோலநிறம். இதன் கொள்கையை நம் மீனவர்களுக்கு விளக்குவது எளிது. வலையில் வரும் காணாங்கெளுத்தியைப் புரட்டிப் பார்த்தால், முதுகு கருநீலமாகவும் வயிறு வெள்ளியாகவும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு முதுகு ஆழ்கடலோடு ஒன்றிவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வயிறு வெளிச்சத்தோடு ஒன்றிவிடும். அமெரிக்க ஓவியர் அபட் தேயர் 1890களில் இதை ஒரு விதியாகவே எழுதினார். போர் விமானங்களின் அடிப்பகுதிக்கு வெளிர் நிறம் பூசுவது இந்த விதியின்படிதான். கணவாய் இன்னும் ஒரு படி மேலே போகும். தன் உடலில் திட்டுத்திட்டாக நிறத்தை வரவழைத்து, தன் வடிவத்தையே உடைத்துக் காட்டும். படைகளின் கோலநிறமும் அதையே செய்கிறது. நிறம் சுற்றுப்புறத்தோடு பொருந்துவது பாதி வேலைதான். தலை, தோள், கால் என்ற மனித உருவின் ஓரக்கோட்டைப் பார்வையில் உடைப்பதே மற்றப் பாதி. 1915இல் பிரெஞ்சுப் படை ஓவியர்களைத் திரட்டி இதற்கெனத் தனிப் பிரிவு அமைத்தது.

அரியமான் கடற்கரையில் இதை ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். ஒற்றைப் பச்சைச் சட்டை போட்ட என் தம்பி, சவுக்குத் தோப்பின் ஓரமாக நடந்தபோது இருநூறு அடி தாண்டியதும் மரங்களோடு கலந்துவிட்டான். தோப்பை விட்டு வெண்மணலில் காலை வைத்ததும், அரை மைல் தொலைவிலும் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தான். இந்தக் கரையில் மணல், உப்பளம், பனங்காடு, சீமைக்கருவேலம், அலையாத்திப் புதர் என்று சில மைல்களுக்குள் நிலம் ஐந்துவிதமாக மாறுகிறது. எந்த ஒரு நிறமும் இங்கே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இந்தியாவின் எல்லைகளில் பனியும் பாலையும் காடும் இருப்பதால், தரைப்படைக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 2022 ஜனவரி 15 அன்று, படை நாளில் அறிமுகமான புதிய போர்ச்சீருடையில், பெரிய திட்டுகளுக்குப் பதிலாகச் சிறு சதுரங்களால் ஆன கோலம் வந்தது இதனால்தான். கிட்டே இருந்து பார்ப்பவருக்குச் சிறு சதுரங்கள் இலையும் மண்ணுமாகக் குழம்பும். எட்ட இருந்து பார்ப்பவருக்கு அவையே திரண்டு பெரிய நிழல்களாகும். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அந்தக் கோலத்தைப் படை தன் உரிமையாகப் பதிவும் செய்துகொண்டது. படைவீரர் அல்லாதவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவர்களின் உடையை அணிவது ஏற்கெனவே தண்டனைக்குரிய குற்றம். கடைகளில் தொங்கும் கோலநிற அரைக்காற்சட்டைகளை வாங்கும் நம் இளைஞர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கடற்படையைப் பற்றி விரிவாக எழுத இடம் இல்லை. உச்சிப்புளியில் 'பருந்து' என்ற பெயரில் கடற்படையின் விமானதளம் இயங்குவதால், வெள்ளைச் சீருடை இங்கே பழகிய காட்சிதான். கடலில் மறைய வேண்டியது கப்பலே அன்றி மாலுமி அன்று; ஆகவே அவன் வெள்ளையாகவே இருக்க முடிந்தது. மாற்றம் வந்தது சின்னங்களில். 2023 டிசம்பரில் அட்மிரல்களின் தோள்பட்டையிலிருந்து ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் பெயரால் வழங்கிய வளையம் நீக்கப்பட்டு, மராத்திய மன்னர் சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோண வடிவம் வந்தது.

இப்போது மறைய வேண்டியது மனிதக் கண்ணுக்கு மட்டும் அன்று. இரவில் பார்க்கும் கருவிகள், நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் வாங்கிக்கொள்கின்றன. பச்சை இலை அந்த ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். சாதாரணப் பச்சைச் சாயம் அப்படி அனுப்பாது. பகலில் இலையும் துணியும் ஒரே பச்சையாகத் தெரிந்தாலும், கருவிக்குள் ஒன்று வெளிறியும் மற்றது இருண்டும் தெரிந்து, மனித உருவம் வெட்டியெடுத்ததுபோல நிற்கும். எனவே போர்த்துணியின் சாயங்களை இலையும் மண்ணும் ஒளியைத் திருப்பும் அளவுக்கு இணையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் துணியைத் துவைப்பதிலும் கவனம் வேண்டும். கஞ்சியும், வெண்மை கூட்டும் சலவைத்தூளும், சூடான தேய்ப்பும் துணியின்மேல் ஒரு பளபளப்பை ஏற்றி, இத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும்.

பெரியப்பாவின் பேரனும் இப்போது படையில் இருக்கிறான். சென்ற முறை விடுப்பில் வந்தபோது, மூட்டையில் இருந்த சதுரக் கோலச் சட்டையைப் பெரியம்மா எடுத்து அலசிவிட்டு, வழக்கம்போல வடிகஞ்சிப் பானையைத் திறந்தார். "அப்பத்தா, அதுல கஞ்சி போடாதீங்க, தேய்க்கவும் வேண்டாம்" என்று அவன் கிணற்றடியிலிருந்தே சொன்னான். "கஞ்சி போடாம எப்படிய்யா உடுப்பு நிக்கும்?" என்று கேட்டவர், அவன் சொன்ன காரணத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டையை உதறிக் கொடியில் நிழலாகப் பார்த்துக் காயப்போட்டுவிட்டு, கஞ்சியைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினார். திண்ணையில் இருந்த பெரியப்பா எழுந்துபோய், மடிப்பில்லாமல் தொங்கிய அந்தக் கையைப் பிடித்து, துணியின் கனத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.